வெல்லத்துக்கு இறங்காத சாம்பல்

கள்ளக்குறிச்சியில் அந்த அரிசி மில்லுக்குப் பின்னால் இருக்கிற தெருவில் வெள்ளைத் துணியைக் காயப்போட்டவன் முட்டாள். மில் பாய்லருக்கு உமிதான் தீனி. எரிந்த உமி கரித்தூளாகப் புகைபோக்கியில் ஏறித் தெரு முழுக்க இறங்கும். குடத்துத் தண்ணீரில் மிதக்கும், சோற்றில் விழும், தூங்குகிறவன் இமையில் உட்காரும். பாய்லருக்கு அடியில் தங்குகிற சாம்பலை அள்ளிக் கொட்டுவது அதே தெருவில் குடியிருக்கும் பிச்சைமுத்துவின் வேலை. எழுபது வயதாகியும் விடவில்லை. விட்டால் வேறு எவன் வேலை கொடுப்பான்?

வேலை முடிந்ததும் மில் ஆட்கள் ஒரு கட்டி வெல்லத்தை வாயில் போட்டுக்கொள்வார்கள். தொண்டையில் ஒட்டின தூசியை வெல்லம் வழித்துக்கொண்டு வயிற்றுக்கு இறக்கிவிடும் என்று அவர்களுக்கு நம்பிக்கை. பிச்சைமுத்து நம்பிய வைத்தியம் அது ஒன்றுதான். டாக்டரை நம்பமாட்டார், மருந்துக் கடைக்காரனை நம்பவே மாட்டார். விடிந்தால் தன்னைப் போட்டு உலுக்குகிற இருமலுக்கு வயசு என்று பேர் வைத்திருந்தார்.

பேத்தி எழில்மதிக்கு ஆறு வயது. ஐப்பசியிலிருந்து மூச்சிழுப்பு. மகன் ஜெயப்பிரகாஷ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கிடந்தான். மருமகள் தமிழ்மொழிதான் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய், உறிஞ்சுகிற மருந்து வாங்கி வந்தாள். ஒரு நீலக் குழாய், அதில் மாட்ட ஒரு பிளாஸ்டிக் குடுவை.

"இந்தப் புகையில புள்ளைய வெச்சிருக்கக் கூடாதாம் மாமா. வடக்கனந்தலுக்கு, எங்கம்மா வூட்டுக்குக் கூட்டிகினு போவச் சொல்றாங்க டாக்டரம்மா."

"டாக்டரம்மா சொன்னாளா, உங்கம்மா சொன்னாளா?"

"மாமா!"

"ஏம்மா, நான் அந்தச் சாம்பல்லயே பொறண்டவன். எனுக்கு இன்னா கொறஞ்சி போச்சி? தனியா போவணும்னா போவணும்னு சொல்லு. புள்ள நெஞ்ச ஏன் சாட்சிக்கு இழுக்கற?"

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே இருமல் பிடித்துக்கொண்டது. தமிழ்மொழி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

அவர் பயம் வேறு. சாயங்காலம் மில்லிலிருந்து வந்தால் "தாத்தா, வெல்லம்!" என்று எழில்மதி ஓடிவந்து மேலே ஏறுவாள். வேட்டி மடியில் முடிந்த கட்டியைத் துழாவி எடுப்பாள். அவர் உடம்புக் கரி அவள் கன்னத்தில் ஒட்டும். அந்த நேரம் போய்விட்டால் வீட்டுக்கு வருவதற்கே காரணம் இல்லை. அதை வாய்விட்டுச் சொல்கிற ஆள் அவர் இல்லை.

நீலக் குழாயைப் பற்றிப் பக்கத்து வீட்டுப் பெரியநாயகி ஒன்று சொன்னாள். "அதப் பழக்கிட்டா சாவற வரிக்கும் வுடாது. இழுப்புக்காரின்னு பேரு வந்துட்டா எவன் கட்டுவான்?" அவர் நினைப்புக்கு அது தோதாக இருந்தது. குழாயையும் குடுவையையும் பரண்மேல் பழைய சாக்குக்குள் சொருகினார். தமிழ்மொழி வீட்டைப் புரட்டித் தேடினாள்.

"புள்ள எங்கனா போட்டிருக்கும்," என்றார்.

"நான் எடுக்கல தாத்தா," என்றது குழந்தை. அவர் கூரையைப் பார்த்தார்.

சாயங்காலம் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று தமிழ்மொழி மறுநாள் காலை துணிக்கடை வேலைக்குப் போனாள். மார்கழிப் பனி. புகை மேலே ஏற வழியில்லாமல் தெருவிலேயே படுத்துக் கிடந்தது. வாசலில் விளையாடிய எழில்மதி முன்னால் குனிந்தாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. கழுத்துக் குழி உள்ளே போனது. விடிகாலையிலேயே சாம்பல் அள்ளிவிட்டு வந்திருந்த பிச்சைமுத்து வெல்லத்தை உடைத்து அவள் வாயில் வைத்தார்.

"முழுங்கு கண்ணு. எறங்கிடும்."

அவள் முழுங்கவில்லை. கரைந்த வெல்லம் வாயோரம் வழிந்தது. உதடு நாவற்பழம் தின்ற நிறத்துக்கு மாறியது.

பரணில் ஏறிச் சாக்கை உதறினார். குழாய் கிடைத்தது. எதை எதில் மாட்டுவது? எங்கே அமுக்குவது? அமுக்கினார். மருந்து புஸ்ஸென்று காற்றில் போனது. மறுபடி அமுக்கினார், அதுவும் போனது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, வந்த ஆட்டோவுக்குக் குறுக்கே நின்றார்.

ஆஸ்பத்திரியில் மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க் போட்டு மருந்து வைத்த பிறகுதான் உதட்டில் நிறம் வந்தது. தமிழ்மொழி கடையிலிருந்து ஓடிவந்தாள்.

"குடுத்த மருந்து எங்கம்மா?" என்றாள் டாக்டரம்மா.

"காணாம போயிடுச்சிங்க..." என்று ஆரம்பித்தவள் மாமனார் கையைப் பார்த்தாள். நீலக் குழாயை அவர் இன்னும் விடவில்லை.

அவள் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார். "தூக்கினு ஓடியாந்தீங்க, புள்ள உசுரோட இருக்குது," என்றாள். "அதுக்கு மேல என்னைப் பேச வெக்காதீங்க மாமா."

டாக்டரம்மா அவர் நெஞ்சிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தாள். "குழந்தையைவிட உங்களுக்குத்தான் மோசம் பெரியவரே. அந்தச் சாம்பல் வேலை வேணாம். இந்தத் துணியோட புள்ளையத் தூக்காதீங்க, தூசி இதுலயே இருக்குது."

இதுவும் ஒரு ஏமாற்று என்று சொல்ல வாயெடுத்தார். கட்டிலில் எழில்மதியின் மஞ்சள் கவுன் கண்ணில் பட்டது. அவர் தோள் அழுந்திய இடம் முழுக்கக் கருப்பு. கட்டிலைவிட்டு ஓரடி தள்ளி நின்றார்.

அம்மாவும் பெண்ணும் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வடக்கனந்தலுக்குப் பஸ் ஏறினார்கள். "நீயும் போயேன்பா," என்றான் ஜெயப்பிரகாஷ் போனில். சம்பந்தி வீட்டில் சோற்றுக்கு உட்காருவதா? அவர் மில்லுக்கே போனார்.

தை பிறந்து ஒருநாள் தேய்த்துக் குளித்து, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு வடக்கனந்தலில் போய் இறங்கினார். தூரத்திலேயே பார்த்துவிட்டு எழில்மதி ஓடிவந்தாள். "தாத்தா, வெல்லம்!" அவ்வளவு தூரம் ஓடியும் மூச்சில் ஒரு சத்தம் இல்லை. அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இல்லவே இல்லை.

கையை நீட்டித் தடுத்தார். "அங்கியே நில்லு."

"ஏன் தாத்தா?"

வெல்லப் பொட்டலத்தை ரோட்டோர மதகுக் கட்டைமேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். இருமல் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார்.

பின்னாலேயே வந்த தமிழ்மொழி பொட்டலத்தை எடுத்து மகள் கையில் கொடுத்தாள். "வெயில்ல ஏன் நிக்கிறீங்க? வூட்டுக்கு வாங்க மாமா. துவைச்ச துணிதான கட்டிகினு வந்திருக்கீங்க."

"துவைச்சதுதாம்மா," என்றார் பிச்சைமுத்து. "ஆனா மில்லுத் தெருவுல காஞ்சது."

வந்த பஸ்ஸுக்குக் கை காட்டினார்.