வான்னஸின் பழைய சக்கரங்கள்

கறிக்கடை லீவனுக்குத் தபால்கார வான்னஸைக் கண்டாலே ஆகாது. ஊர்த் திருவிழா சைக்கிள் பந்தயத்தில் நாலு வருஷமாக வான்னஸ்தான் முதல். சைக்கிள் பைத்தியம் பிடித்த பெல்ஜியத்து ஃபிளாண்டர்ஸில் பிறந்தவன் சைக்கிளில் தோற்பதே பெரிய அவமானம். அதைக்கூட லீவன் பொறுத்திருப்பான். ஜெயித்தவனுக்குத் தரும் பூங்கொத்தை, கல்யாணமாகாத அந்தப் படுபாவி போன வருஷம் லீவனின் மனைவி ஹில்டேயிடம் நீட்டிவிட்டான். அவளும் பல்லெல்லாம் தெரியச் சிரித்து வாங்கிக்கொண்டாள். ஜன்னலோரம் அந்தப் பூக்கள் பத்து நாள் வாடாமல் இருந்தன. பத்து நாளும் லீவனுக்கு வயிறு எரிந்தது.

"அவன் காலைப் பாத்தியா? கோழிக்கால். எல்லாம் அந்தக் கார்பன் சக்கரம் பண்ற வேலை!"

"சக்கரம் தானா ஓடுமாக்கும்," என்றாள் ஹில்டே.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ஆனால் பொறாமை பிடித்தவனிடம் யார் அதைச் சொல்வது?

வசந்தம் பிறந்ததும் வான்னஸ் அந்தச் சக்கரங்களை விற்கப்போவதாக மதுக்கடையில் பேச்சு வந்தது. அன்று மாலையே லீவன் அவன் வீட்டு வாசலில் நின்றான். இறைச்சியில் ஒரு கிராம் கூடப் போனாலும் துடிக்கிற ஆள், கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தான்.

"ஒண்ணு சொல்லிடறேன்டா," என்றான் வான்னஸ். "மிதிக்கிறத நிறுத்தினா இது கிர்ருனு ஊரக் கூட்டும். பின் சக்கர அச்சுக்குள்ள கெட்டியா கிரீஸ் அடைச்சிடு, சத்தம் அடங்கிடும்."

"ஆகட்டும், ஆகட்டும்," என்றான் லீவன். கிரீஸை அடைத்தால் சக்கரம் இறுகி வேகம் குறையுமே! யாரிடம் காது குத்துகிறான்? ஒரு துளிகூட வைக்கவில்லை.

பந்தயத்தன்று பத்தாவது சுற்றில் இரண்டே பேர் கூட்டத்திலிருந்து பிரிந்து முன்னால் போனார்கள். முன்னே வான்னஸ், அவன் முதுகு மறைப்பில் காற்றுப் படாமல் லீவன். பந்தயத்தில் இவ்வளவு முன்னால் அவன் வாழ்நாளில் வந்ததில்லை. உருளைக்கிழங்கு வறுவல் கடை முனையில் ஹில்டே தொண்டை கிழியக் கத்தினாள். "லீவன்! விடாத, லீவன்!" இந்த வருஷம் பூங்கொத்து என் கையிலிருந்துதான் இவளுக்குப் போகும் என்று நினைத்தபோது அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கடைசிச் சுற்று. மாதா கோயில் திருப்பம் தாண்டியதும் பாய்ந்துவிட வேண்டும். அதற்குமுன் காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாமென்று மிதிப்பதை நிறுத்தினான்.

கிர்ர்ர்.

வான்னஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நொடியே எழுந்து நின்று மிதித்தான். லீவன் சுதாரித்து மிதிப்பதற்குள் இருபது மீட்டர் இடைவெளி விழுந்துவிட்டது. அது கடைசிவரை குறையவில்லை.

முடிந்ததும் வான்னஸ் ஒரு கையில் பியரும் மறு கையில் பூங்கொத்துமாக வந்தான்.

"நீ மிதிக்கிறத விட்டதும் உன் சக்கரமே எங்கிட்ட சொல்லிடுச்சுடா. போன வருஷம் பக்கத்து ஊர்ல எனக்கும் இதே கதிதான், அதான் வித்தேன். கிரீஸ் வைன்னு சொன்னேனே?"

கேலி செய்திருந்தால்கூடத் தேவலை. கால்தான் நன்றாக இருக்கிறது என்றால் மனசும் நன்றாக இருக்க வேண்டுமா? லீவனால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"இந்தா, இந்தத் தடவ நீயே ஹில்டேகிட்ட குடு," என்று வான்னஸ் பூங்கொத்தை நீட்டினான்.

"உன் பிச்சை ஒண்ணும் எனக்கு வேணாம்."

வான்னஸ் தோளைக் குலுக்கிவிட்டு அதை ஹில்டேயிடமே கொடுத்துவிட்டுப் போனான்.

வீடு திரும்பும்போது லீவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பொருமினான். "இப்பவும் அவன் குடுத்ததத்தான தூக்கிட்டு வர்ற?"

ஹில்டே நின்றாள். "ரெண்டு சக்கரத்துக்கு அவ்வளவு கொட்டிக் குடுத்தியே, எனக்குப் பூ பிடிக்கும்னு உனக்கு ஒரு நாளாவது தோணிச்சா? பதினெட்டு வருஷத்துல ஒரே ஒரு பூ வாங்கிட்டு வந்திருக்கியா?"

 லீவனின் கறிக்கடைக்கு அடுத்த கடை பூக்கடை.