ஆபத்தில்லாத கடிதங்கள்

"அக்கா, இதிலை சண்டையைப் பற்றி ஒரு வரியும் இல்லையே," என்றான் அகதி வழக்குகளுக்குப் பிரெஞ்சில் மொழிபெயர்க்கும் யூலியன். லாச்சப்பலில் சேலைக்கடைக்கு மேலே இருந்த அவனுடைய சின்ன அறையில், தயானியின் கணவன் துஷ்யந்தன் எழுதிய ஒன்பது கடிதங்களும் மேசையில் விரிந்து கிடந்தன. ஆட்டுக்கு ஊசி போட்டாச்சோ, கிணற்றுக் கயிறு மாற்றினியோ, உன்ரை சளி விட்டுதோ. இயக்கத்தில் ஒரு படையணியையே நடத்தியவன் மனைவிக்கு எழுதியது இவ்வளவுதானா என்று யாருக்கும் தோன்றும்.

அவளுடைய அகதி விண்ணப்பத்தை ஒருமுறை தள்ளிவிட்டார்கள். வரும் வியாழக்கிழமை மேன்முறையீடு. துஷ்யந்தன் தளபதி என்று காட்டினால்தான், திருப்பி அனுப்பினால் அவளுக்கு ஆபத்து என்பதை நீதிபதி நம்புவார். காட்டத்தான் கையில் ஒன்றுமில்லை.

"மற்றக் கடிதங்கள் எங்கை?"

"எரிச்சிட்டன்."

போரின் கடைசி நாட்களில், ஆமியின் சோதனை வரிசைக்குப் போகுமுன், பதவியும் சீலும் இருந்த கடிதங்களையெல்லாம் பொறுக்கியெடுத்துக் கொளுத்தினாள். ஆபத்தில்லாதவற்றை மட்டும் உள்பாவாடைக்குள் வைத்துத் தைத்தாள். தான் பெரிய கெட்டிக்காரி என்று அன்றைக்கு நினைப்பு. மறுநாள், இயக்கத்தில் இருந்தவர்கள் வந்து பதியவேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். "விசாரிச்சிட்டு விடுவாங்கள், போங்கோ," என்று துஷ்யந்தனை அனுப்பியதும் அவள்தான். அவன் திரும்பி வரவில்லை. எத்தனையோ அலுவலகங்களில் சொல்லிச் சொல்லி, இப்போது அதைச் சொன்னால் அழுகைகூட வருவதில்லை. மனம் மரத்துப்போய்விட்டது.

யூலியன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். வெள்ளைத் தாள் ஒன்றை அவள் பக்கம் தள்ளினான்.

"எரிச்சதிலை என்ன இருந்ததெண்டு ஞாபகம் இருக்கோ?"

"எல்லாம் பாடம், தம்பி."

"அவரின்ரை எழுத்து உங்களுக்கு வருமோ?"

வந்தது. இடப்பக்கம் சாயும் எழுத்து, பேனையைத் தூக்காமல் இழுக்கும் சுழி. படையணியின் பெயர், பதவி, முகாம் எல்லாம் பிசகாமல் இறங்கின. இது பொய் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவன் எழுதியதைத்தானே எழுதுகிறாள்.

எழுதி முடித்ததும் யூலியன் எட்டிப் பார்த்தான். "ஐயோ அக்கா, மேலை இண்டையான் திகதியைப் போட்டிருக்கிறியள். இது சரிவராது. தாங்கோ, கிழிச்சுப்போட்டு வேறை எழுதுவம்."

அவள் பார்த்தாள். உண்மைதான். துஷ்யந்தனின் எழுத்தில் இன்றைய திகதி.

யூலியன் கையை நீட்டியபடி இருந்தான். தயானி தாளைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.