திருவேங்கடம் ஏன் அந்த மேஜையில் உட்கார்ந்தார்

1

இந்தக் கதை பசியில் பிறந்தது. மும்பை மாட்டுங்காவில் கல்லூரிகள் இருக்கும் பக்கம் ஒரு பீட்சா கடை உண்டு. ஊரெல்லாம் கிளை உள்ள கடை. போன மார்ச்சில், ஒரு மத்தியானம், அங்கே நடந்த தவறு ஒன்றைப் பார்த்தேன். எழுதலாம் என்று தோன்றியது. முதல் வரிதான் வரவில்லை.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்

(மார்ச்சில் மழையா? வேண்டாம்.)

பீட்சாவும் வாழ்க்கையைப் போல வட்ட

(இதை நான் எழுதவில்லை. நீங்களும் படிக்கவில்லை.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். திருவேங்கடம் உள்ளே வந்தார். ஒரு பையனும் பெண்ணும் இருந்த மேஜையில் மூன்றாவது நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

2

அவருக்கு அறுபத்து மூன்று வயது. அணுசக்தி நகரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாட்டுங்கா உடுப்பி ஹோட்டல்களில் நாற்காலி காலியாக இருந்தால் உட்கார்ந்துவிட வேண்டும். எதிரே இருப்பவர் யாரென்று பார்ப்பதில்லை, அவரும் இட்லியிலிருந்து தலையை நிமிர்த்துவதில்லை. கால்களுக்கு நாற்பது வருஷப் பழக்கம்.

"அங்கிள், இது எங்க டேபிள்" என்றான் பையன். பெயர் அஷ்வத்.

"உங்களோடதுதான்ப்பா. நான் என்ன ஆத்துக்கு எடுத்துண்டா போப்போறேன்?"

நடுவில் இருந்த பூண்டு ரொட்டியில் ஒன்றை எடுத்துக் கடித்தார். சட்னி மாதிரி மேஜைக்குப் பொதுவாக வைத்தது என்று நினைத்துவிட்டார். அந்தப் பெண், ஹரிதா, தட்டை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்தினாள். அவர் நன்றி சொல்லிவிட்டுத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"சாம்பார் கேட்டா தருவாளோ?"

"தரமாட்டா அங்கிள்."

"நீ கேட்டுப் பாத்தியோ?"

3

இங்கே ஒரு சிக்கல். திருவேங்கடம் நன்றாகத்தான் வருகிறார். ஆனால் அவர் தட்டை நகர்த்தும்போதெல்லாம் வளையல் சத்தம் கேட்கிறது.

சரி. திருவேங்கடம் என்று யாரும் இல்லை. உட்கார்ந்தது நான்.*

* மேலே 'அங்கிள்' என்று வரும் இடங்களில் 'ஆன்ட்டி' என்று படிக்கவும். ரொட்டியைத் தின்றதும் நான்தான். ஒன்று அல்ல, இரண்டு.

பழக்கம் என்றேனே, அதுவும் முழு உண்மை இல்லை. கடையில் பாதி மேஜைகள் காலியாகக் கிடந்தன. ஹரிதா ஏதோ ஒரு வாக்கியத்தை உதட்டுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது என்னவென்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. இந்த ஆசைக்கு நான் 'கவனிப்பு' என்று பெயர் வைத்திருக்கிறேன். என் வீட்டில் இதற்கு வேறு பெயர்.

4

அஷ்வத் கை கழுவப் போனான். ஹரிதா என் பக்கம் குனிந்தாள்.

"ஆன்ட்டி, அவனுக்கு பெங்களூர்ல வேலை. நாளைக்குக் காலம்பற போறான். நாலு வருஷமா அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருக்கேன்."

"சொல்லேன். யார் வேண்டாங்கறா?"

"நீங்க இருக்கேளே."

"நான் காதைப் பொத்திக்கறேன்."

"ப்ளீஸ் ஆன்ட்டி. இன்னிக்கு விட்டா அப்பறம் வாட்ஸாப்லதான் சொல்லணும். அவன் அதுக்குக் கட்டைவிரல் போட்டு அனுப்புவான்."

"என் பாஸ்தா இன்னும் வரலையே" என்றேன். (ஒரு பெண்ணின் நான்கு வருஷத்துக்கு எதிரே இதைச் சொன்னேன். திருவேங்கடம் இருந்திருந்தால் அவர் தலையில் கட்டியிருப்பேன்.)

அவள் கையைத் தூக்கிக் கடைப் பணியாளை இந்தியில் கூப்பிட்டாள். "பையா, ஆன்ட்டி கா பாஸ்தா பார்சல் கர் தோ."

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) அவள் சொன்னாள். அவன் "ரெண்டாவது செமஸ்டர்லயே தெரியும்" என்றான். அவள் அடித்தாள்.

ஆ) அவள் வாயைத் திறந்தபோது பீட்சா வந்தது. சீஸ் ஆறிவிடும் என்று இருவரும் முதலில்

(சீஸுக்கு இந்த முக்கியத்துவம் தேவையில்லை.)

இரண்டும் என் கற்பனை. அவள் பேச வேண்டுமென்றால் நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் எனக்குக் கேட்காது. எழுதுகிறவளுக்கு இதைவிட மோசமான பேரம் கிடையாது. பார்சலை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நாற்காலி இப்போது காலி. முடிவு வேண்டுமென்றால் நீங்கள் போய் உட்காரலாம். இது மாட்டுங்கா, யாரும் எழுப்பமாட்டார்கள். ஆனால் நீங்கள் உட்கார்ந்திருக்கும்வரை அவள் சொல்லமாட்டாள்.

அஷ்வத் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறான். சீக்கிரம் தீர்மானியுங்கள்.