பாதி முட்டையின் நாலு துண்டு

அன்று வந்திருந்தவர்கள்: இளம்பரிதி, சின்னதுரை, அய்யனாரின் மகள்கள் இரண்டு பேர், மூக்கு ஒழுகாத நாளே இல்லாத ஒரு பயல், புதிதாகச் சேர்ந்து அழுதுகொண்டே இருக்கும் இன்னொன்று, இசைப்பிரியா. பெரியவர்களில் அங்கன்வாடி டீச்சர் அன்புக்கரசி, சமைக்கிற சின்னம்மாள். சாமிக்கண்ணுவின் ஆடும் வந்திருந்தது. அதற்கு வருகைப் பதிவு கிடையாது.

'தானே' புயலில் பறந்த ஓட்டுக்குப் பதிலாகப் போட்ட தகரத்தின் கீழே காலையிலேயே உடம்பு கசகசத்தது. அன்புக்கரசிக்கு எழுந்ததிலிருந்தே இடுப்புவலி. பெருசு, சிறுசு சொல்லிக்கொடுப்பதில் இந்த ஊரில் கஷ்டமே இல்லை. ஜன்னலைத் திறந்தால் நிலக்கரி மைன்ஸில் தோண்டிக் கொட்டிய மண்மேடு தெரியும். எது பெருசு என்று கேட்டால் எல்லாக் கையும் அங்கேதான் நீளும். அதிகம், குறைவு என்று வந்தால்தான் எல்லாம் நின்றுபோகும். தரையில் இரண்டு வரிசை புளியங்கொட்டை வைப்பாள். இரண்டிலும் ஐந்துதான். ஒன்று நெருக்கமாக, இன்னொன்று இடம் விட்டு. எது அதிகம் என்றால் நீளமாகக் கிடப்பதைத் தொடுவார்கள். கண்ணெதிரிலேயே நெருக்கி வைத்தால் ரெண்டும் ஒண்ணு என்பார்கள். மறுபடி பரப்பினால் மறுபடி அதிகமாகிவிடும். ஐந்து வரை எண்ண எல்லாருக்கும் தெரியும். எண்ணி முடித்த பிறகும் கண் சொல்வதைத்தான் நம்புவார்கள். சூப்பர்வைசர் வந்தால் இதைத்தான் கேட்பார் என்பதால் அவள் தினமும் கொட்டையைப் பரப்பினாள். வளர்ந்தால் தானாக வந்துவிடும், இதற்குப் போய் ஏன் தொண்டையைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்று சின்னம்மாள் அடுப்படியிலிருந்தே கேட்பாள்.

அது முட்டை நாள். ஒரு முட்டை தண்ணீரில் மிதந்தது. கெட்டது. ஒன்று குறைந்தால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சின்னம்மாள் தையல் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெந்த முட்டையைப் பாதியாக அறுப்பாள். ஒவ்வொரு பாதியையும் நாலு துண்டாக்கி, இரண்டு பிள்ளைகளின் தட்டில் அகலமாகப் பரப்புவாள். துண்டு வாங்கிய பிள்ளை ஒரு நாளும் அழுததில்லை. முழு முட்டை வாங்கியதுதான் அழும், எனக்கு ஒண்ணுதானா என்று. காலையில் எந்தத் தப்பைத் திருத்த அன்புக்கரசி கத்துகிறாளோ, அந்தத் தப்பை நம்பித்தான் மத்தியானச் சாப்பாடு சண்டையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு இது தெரியாமல் இல்லை. யோசிக்க நேரமில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்குத் துண்டு இசைப்பிரியாவுக்கு வந்தது. நாலு வயதுப் பெண். அவள் உடனே தின்னவில்லை. துண்டுகளை ஒன்றோடொன்று நெருக்கினாள். வெள்ளையை வெளியே வைத்து, மஞ்சளை உள்ளே திருப்பிச் சேர்த்தாள். பக்கத்தில் சின்னதுரையின் தட்டில் இருந்த முழு முட்டையைப் பார்த்தாள்.

"டீச்சர், இது பாதிதான்."

"யாரு சொன்னா?"

"கொட்ட மாதிரி கிட்டக் கிட்ட வச்சேன்."

அன்புக்கரசி தன்னையறியாமல் கைதட்டிவிட்டாள். எத்தனையோ வாரமாகத் தரையைப் பார்த்துக் கத்தியதற்கு ஒரு பிள்ளைக்காவது விளங்கிவிட்டது. தட்டிய கை இறங்குவதற்குள் சின்னம்மாள் கரண்டியோடு நிற்பது கண்ணில் பட்டது. கொடுப்பதற்கு வேறு முட்டை இல்லை.

மறுநாள் காலை இசைப்பிரியாவின் அம்மா அஞ்சலாட்சி உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள். பஸ்ஸுக்கு நேரமாகியும் போகவில்லை. அவள் புருஷன் கார்முகில் மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள், நைட் ஷிப்ட்.

"நேத்து வூட்ல இன்னா நடந்துச்சி தெரியுமா டீச்சர்? ஒரு முட்டதான் அவிச்சேன். அந்த ஆளு ராத்திரி பூரா மண்ணு ஓடுற பெல்ட்டுக்கு அடியில குனிஞ்சிகினு மண்ணு வார்றவரு. அவருக்குப் பெரிய பங்கா வச்சிட்டு, ஓரத்த அறுத்து இதுக்கு நாலா போட்டேன். எப்பவும் அப்பிடித்தான். உனக்குத்தாண்டி நெறையன்னு சொல்லுவேன், தின்னுட்டுப் பூடும். நேத்து எல்லாத்தையும் ஒட்டவச்சிப் பாத்துட்டு ஒரே அழுவ."

அன்புக்கரசி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அழுவறதப் பாத்துட்டு அந்த ஆளு தன்னுதயும் எடுத்து இது தட்டுல வச்சிட்டாரு. வெறும் ரசஞ்சோத்தத் தின்னுட்டு ஷிப்டுக்குப் போனாரு. காலையில வந்து வாசப்படியிலயே சாஞ்சிட்டாரு." அஞ்சலாட்சி குரலை உயர்த்தவில்லை. "ஒண்ணாங்கிளாஸ் போனா அங்க கத்துக்கட்டுங்க. இப்பவே எதுக்குங்க இது?"

தான் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுவாகவே பிடித்துக்கொண்டது என்றாள் அன்புக்கரசி. சொல்லும்போதே அது பாதிப் பொய் என்று பட்டது. அஞ்சலாட்சி மகளின் தலையைச் சும்மா ஒரு தடவு தடவிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

அன்றைக்கு அன்புக்கரசி கொட்டை டப்பாவை எடுக்கவில்லை. பாட்டு பாட வைத்தாள். பிள்ளைகள் அதையே திரும்பத் திரும்பப் பாடின. அவளுக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

அடுத்த முட்டை நாளிலும் ஒன்று மிதந்தது. வாங்கும்போதே வெயிலில் கிடந்து வரும் முட்டை, வேறு எப்படி இருக்கும். சின்னம்மாள் நூலை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"யாருக்கு டீச்சர்?"

போன முறை இந்தக் கேள்வி வரவில்லை. கைக்கு எட்டிய தட்டில் போட்டாள். இப்போது கேட்டாள். அன்புக்கரசி வரிசையைப் பார்த்தாள். எல்லாருக்கும் உள்ளதை உள்ளபடி சொல்லி, சமமாகப் பங்கு போடலாம். ஏழு பேருக்கு ஆறு முட்டையை எப்படி அறுப்பது, அறுத்தால் எத்தனை தட்டில் அழுகை கிளம்பும் என்று நினைத்தபோதே சோர்ந்துவிட்டது. புதுப்பிள்ளை ஏற்கனவே அழுதுகொண்டிருந்தது.

"இசைக்கு முழுசா வச்சிடுங்க."

"துண்டு?"

"இளம்பரிதிக்கும் மூக்கொழுவிக்கும்."

தெரிந்துகொண்டவளுக்கு முழுசு, தெரியாதவர்களுக்குத் துண்டு. சின்னம்மாள் நூலைப் பல்லில் கடித்தாள்.

தட்டு வந்ததும் இளம்பரிதி குதித்தான். "எனுக்கு நாலு! உனுக்கு ஒண்ணே ஒண்ணு! வெவ்வெவ்வே!"

இசைப்பிரியா தன் முழு முட்டையைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தாள். அவள் விரல் ஒரு முறை அவன் துண்டுகளை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது. பிறகு நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். அன்புக்கரசி சாம்பார் வாளியைத் தேவையில்லாமல் கிண்டினாள். சொன்னால் சொல்லட்டும் என்றிருந்தது. சொல்லிவிடக் கூடாதே என்றும் இருந்தது.

இசைப்பிரியா விரலை இழுத்துக்கொண்டாள்.

"ஆமாண்டா, உனக்குத்தான் நெறைய," என்றாள். அஞ்சலாட்சியின் குரல் அப்படியே இருந்தது. "சீக்கிரம் தின்னு."

அவன் தின்றான். அவளும் தின்றாள், மஞ்சள் உதிராமல், நிதானமாக.

சாயங்காலம் எல்லாரும் போய்விட்டார்கள். ஆடும் போய்விட்டது. கடைசியாக அஞ்சலாட்சி வந்தாள். அவள் கையில் சோப்புத் தண்ணீரில் ஊறிய தோல் இன்னும் சுருங்கியே இருந்தது. இன்றைக்கு எப்படி என்று கண்ணாலேயே கேட்டாள்.

"ஒண்ணும் கேக்கல," என்றாள் அன்புக்கரசி.

அஞ்சலாட்சியின் முகம் லேசானது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். இசைப்பிரியா திரும்பிப் பார்க்கவில்லை. செகண்ட் ஷிப்ட் பஸ் கிளப்பிவிட்டுப் போன புழுதிக்குள் இரண்டு பேரும் நடந்தார்கள். மூலையில் ஒரே ஒரு புளியங்கொட்டை கிடந்தது. அன்புக்கரசி அதை எடுக்கக் குனியவில்லை, இடுப்பு விடாது. வெளியே வந்து, மழையில் உப்பிய கதவை முழங்காலால் முட்டிச் சாத்தி, பூட்டைப் போட்டு, ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.