வெறி இல்லை

நீலாயதாட்சி கடற்கரைக்கு ஓடிவருவதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது. இரண்டாவது அடி அவள் கண்ணெதிரே விழுந்தது. துடுப்பு நாயின் இடுப்பில் இறங்கியது. எலும்பு முறியும் சத்தம் அலையையும் மீறிக் கேட்டது. கவ்வியிருந்த சங்கரா மீனை நாய் அப்போதும் விடவில்லை.

"அடிக்காதடா! அது நம்ம சுறாடா!"

துடுப்பை ஓங்கி நின்றவன் அவளுடைய தம்பி ஜெயபால். ஒரு மாதம் காரைக்காலில் தங்கிக் கடலுக்குப் போய்விட்டு, அன்று காலைதான் தரங்கம்பாடிக்குத் திரும்பியிருந்தான். அவனுக்குப் பின்னால் நாலு வயது மகள் பூமிகா வீறிட்டு அழுதாள்.

"கிட்ட வராதக்கா! வெறி புடிச்சிருக்கு. வாயப் பாரு, ரத்தமா ஒழுகுது. புள்ள மேல பாய வந்துச்சு!"

"வெறி இல்லடா பாவி! வாயில கட்டிடா!"

மூன்றாவது அடியும் விழுந்தது.

சுறாவுக்குப் பதின்மூன்று வயது. கீழ்த்தாடையில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கறுப்பாக ஒரு கட்டி. போன வாரம் ஒரத்தநாட்டுக் கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள். புற்றுநோய் என்றார் டாக்டரம்மா. நுரையீரலுக்கு இன்னும் பரவவில்லை. கட்டியோடு தாடையில் ஒரு பக்கத்தை எடுத்துவிடலாம், மிச்சத்தை வைத்துச் சாப்பிடப் பழகிக்கொள்ளும். கதிர்வீச்சு இங்கே கிடையாது. அறுவை வேண்டாமென்றால் வலிக்கு மாத்திரை, சாப்பாட்டை விட்டுவிடும் நாளில் வலியில்லாமல் முடித்துவைக்க ஊசி.

"வயசாச்சேன்னு பயப்படாதீங்க. இதயம் நல்லா இருக்கு, தாங்கும்."

நீலாயதாட்சிக்கு ஊசியே மேல் என்று பட்டது. பாதி முகத்தோடு அதை எப்படிப் பார்ப்பது? அவள் புருஷன் மணிவண்ணன் கேட்கவில்லை. "வெட்டட்டும். ஆறு மாசம் இருந்தாலும் வலியில்லாம இருக்கட்டும்," என்றான். இன்றுதான் அறுவை. இரவிலிருந்து எதுவும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

வண்டி பிடித்துவரப் போன மணிவண்ணன் கூட்டத்தைப் பார்த்து ஓடிவந்தான். மைத்துனன் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கினான். முதல் வீச்சில் ஜெயபாலின் மணிக்கட்டு நொறுங்கியது. அடுத்த வீச்சில் அவன் மணலில் சாய்ந்தான். மணிவண்ணன் துடுப்பை எறிந்துவிட்டு அவன் மார்பில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் கழுத்தை நெரித்தான். நாலு பேர் இழுத்தும் அவனை அசைக்க முடியவில்லை. ஜெயபாலின் குதிகால்கள் மணலைப் பறித்தன. பூமிகாவின் அழுகை நின்றுபோயிருந்தது.

"நான்தான் அவுத்து விட்டேன்!" என்று நீலாயதாட்சி அலறினாள். "பசியில விடிய விடிய மொனகிச்சு. எனக்குத் தாங்கல. ஒரு வாய் கஞ்சி குடுக்கலாம்னு அவுத்தேன், ஓடிடுச்சு. என்னைக் கொல்லுங்க. அவன விடுங்க!"

மணிவண்ணனின் விரல்கள் தளர்ந்தன. தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவன் எழுந்து நாயிடம் போனான்.

சுறா முன்னங்கால்களை ஊன்றி அவனை நோக்கி நகரப் பார்த்தது. பின்பாதி கூடவே வரவில்லை. அவன் உட்கார்ந்து அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். வேட்டியில் ரத்தம் பரவியது. விலா ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு தடவை இறங்கியதுதான், அப்புறம் ஏறவில்லை.

சவுக்குத் தோப்பில் மணிவண்ணன் தனியாகக் குழி வெட்டினான். நீலாயதாட்சி பத்தடி தள்ளி நின்றாள்.

வெயில் ஏறும்போது ஜெயபால் வந்தான். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கவில்லை. கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். கழுத்தில் பத்து விரலும் பதிந்திருந்தன. குழியோரம் குந்தி, நல்ல கையால் மணலை அள்ளி வெளியே போட்டான்.

"இன்னும் ஆழம் போவணும் மச்சான். நரி கெளறிடும்." குரல் கரகரத்தது.

மணிவண்ணன் நிமிரவில்லை. வெட்ட வெட்ட மணல் சரிந்து குழியை நிரப்பிக்கொண்டே இருந்தது.

நீலாயதாட்சி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். மணிவண்ணன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.