ஒரு பல்சக்கரம் குறைகிறது

பேக்கரிக்காரர் கட்டிலுக்கு அடியில் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். கைபேசி வெளிச்சத்தைத் தரையோரமாக அடித்தார். விளக்குமாற்றால் மூலைகளைத் துழாவினார். நடுநடுவே, "இங்கயும் இல்லியே" என்று மேலே கேட்கும்படி முனகினார். அவர் தேடிய பொருள் அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது.

"கிடைச்சுதா?" கட்டிலின் மேலிருந்து மனைவியின் குரல் வந்தது. இப்போதெல்லாம் அவள் பேச்சில் சொல்லைவிடக் காற்றுதான் அதிகம்.

"இல்லம்மா. எறும்பு கிறும்பு இழுத்துட்டுப் போயிருக்கும்போல."

"பிளாஸ்டிக் பல்சக்கரம் எறும்புக்கு எதுக்குங்க? அதுங்களும் ஒரு டைனோசர் செய்யுதுங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வந்த மற்றதைத் துடைத்துக்கொள்ளக் கட்டிலடி வசதியாக இருந்தது.

அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். சட்டத்தில் லென்ஸைப் பொருத்தி, கடுகு போன்ற திருகாணிகளை முடுக்குகிற வேலை. ஆஸ்பத்திரியில் "இனிமே வீட்டுலயே வச்சுப் பாத்துக்குங்க" என்று சொல்லி அனுப்பிய வாரத்தில், அவளே போனில் தட்டி எதையோ வரவழைத்தாள். மருந்து என்று நினைத்துப் பிரித்தார். பெட்டியின் மேல் வாயைப் பிளந்துகொண்டு ஒரு டைனோசர். மோட்டாரில் நடக்குமாம், தாடை திறந்து மூடுமாம். எல்லாவற்றையும் நாமே கோக்க வேண்டுமாம்.

"யாருக்கு இது?"

"எனக்குத்தான். சின்னதுல கேட்டப்ப, பொட்டப்பிள்ளைக்கு எதுக்குன்னாங்க. அப்புறம், இந்த வயசுல எதுக்குன்னு நானே சொல்லிக்கிட்டேன். இப்ப வேணாம்னு சொல்ல யாருக்கும் வாய் வராது பாருங்க."

வரத்தான் இல்லை.

கால்களை அவளே முடித்தாள். பிறகு விரல்கள் வீங்கி இடுக்கி நழுவ ஆரம்பித்ததும் அவர் கை வைத்தார். மாவு உருட்டிப் பழகிய கை. திருகாணியை எடுத்தால் திருகாணியே தெரியாது. "விரலா, பன்னா?" என்பாள். ஆனாலும் அவள் சொல்லச் சொல்ல, முதுகெலும்பு கண்ணி கண்ணியாக வளர்ந்தது. தாடையைக் கோத்த அன்று, "விரல உள்ள வைங்க" என்றாள். வைத்தார். அவள் மோட்டாரை முடுக்கியதும் அது கடித்தது. வலிக்காத கடிக்கு அவர் போட்ட கூச்சலில், மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து விசாரித்துவிட்டுப் போனார். அவள் நெடுநேரம் சிரித்தாள். உடம்பு சரியில்லாத வீடு என்பதே அன்று மறந்துபோயிற்று.

அன்று படுக்கும்போதுதான் அதைச் சொன்னாள். "இது நடக்கறதப் பாத்துட்டுத்தான் கிளம்புவேன்." கடைக்குக் கிளம்புகிறவள்போல, சாதாரணமாக.

மறுநாளிலிருந்து அவர் கை மந்தமாகிவிட்டது. கழுத்து வலி என்றார். வெளிச்சம் போதவில்லை என்றார். அடுப்பை ஆளை நம்பி விட முடியவில்லை என்று பேக்கரிக்கு ஓடினார். எல்லாச் சாக்கும் தீர்ந்த பிறகு, டைனோசரின் இடுப்பில் பொருத்த வேண்டிய கடைசிப் பல்சக்கரத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"எந்திரிங்க, முட்டி வலிக்கும்" என்றாள் இப்போது.

எழுந்து நின்றார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"பையில இருக்கறத எடுங்க."

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"எப்ப தெரிஞ்சுது?"

"ஒளிச்ச அன்னைக்கே. உங்களுக்குத் திருட்டு முழிகூட ஒழுங்கா வராது."

"சாயங்காலம் பொண்ணு வந்துடுவா. அவளும் இருக்கட்டுமேம்மா."

அவள் கொஞ்சம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "இப்பவே பாத்துடறேங்க."

அவர் பையில் கைவிட்டு எடுத்தார். சக்கரத்தைப் பொருத்தினார். ஆச்சரியமாக, ஒரு தடவைகூட நழுவவில்லை. அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, பொம்மையைத் தரையில் விட்டு முடுக்கினார். மோட்டார் கரகரத்தது. டைனோசர் ஒரு காலைத் தூக்கி யோசித்தது. பிறகு நடந்தது, பின்பக்கமாக.

"ஐயோ, வயர மாத்தி மாட்டிட்டேன்!"

அவள் தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை, சிரிப்புதான். "விடுங்க, மரியாதை தெரிஞ்சது. முதுகு காட்டாமப் போகுது."

"கழட்டி மாத்திடட்டா?"

"வேணாம். நல்லாத்தான் நடக்குது."

அது அலமாரியில் முட்டி நின்றதும் எடுத்துவந்து மறுபடி விட்டார். "இன்னொரு தடவ" என்றாள். விட்டார். "இன்னொரு தடவ." கண் கூசுகிற வெயிலிலும் வேடிக்கையை விடாத குழந்தைபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தொண்டை வறள்கிறது என்றாள்.

சமையலறையில் வெந்நீரை ஆற்றும்போது மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் திரும்பி வந்தபோது, டைனோசர் அலமாரியில் முட்டி, இடம் பெயராமல் கால் மாற்றிக்கொண்டிருந்தது. அவள் முகம் அதன் பக்கமே இருந்தது. குனிந்து மோட்டாரை நிறுத்தினார். அறை அமைதியானது. அந்த அமைதியில் கேட்டிருக்க வேண்டிய மூச்சு கேட்கவில்லை.

டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தார். தண்ணீர் முழுக்க ஆறிய பிறகும் கீழே வைக்கவில்லை.

மகள் வந்தபோது வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அம்மாவின் காலடியில் அழுது ஓய்ந்த பிறகுதான், அலமாரிப் பக்கம் கிடந்ததைப் பார்த்தாள்.

"முடிச்சிட்டீங்களாப்பா?"

"முடிச்சிருக்கக் கூடாது" என்றார் அவர்.

மகளுக்குப் புரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசியா அம்மா என்ன சொன்னாங்க?"

அவர் அலமாரிப் பக்கம் பார்த்தார்.

"தண்ணி கேட்டா."

எல்லாம் முடிந்த மறுநாள் காலை, அவளுக்காக எடுத்திருந்த வாடகைக் கட்டிலைத் திருப்பி எடுத்துப்போக இரண்டு பேர் வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, பேசாமல் வந்து, மடக்கித் தூக்கிக்கொண்டு போனார்கள். தரையில் கட்டில் சக்கரங்கள் அழுத்திய தடங்கள் இருந்தன. மகள் அந்த இடத்தைப் பெருக்கித் துடைத்தாள். அறை திடீரென்று பெரிதாகிவிட்டது.

"வெயில் நேரா அடிக்குதுப்பா. அந்த ஜன்னலச் சாத்திடுங்க."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஜன்னலுக்கும் அவருக்கும் நடுவே வெறும் தரைதான் இருந்தது. அவர் நேராகப் போகவில்லை. சுவரை ஒட்டி நடந்து, கட்டிலின் கால்மாடு இருந்த இடத்தில் திரும்பி, அலமாரியருகே வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து, எதிலும் இடித்துவிடாமல் போய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு அதே வழியில் திரும்பி வந்தார்.