கஞ்சியில் கரைந்த அரை மாத்திரை

காலையில் பல் தேய்த்ததும் பிச்சைமணிக்கு ஒரு பரீட்சை உண்டு. மனைவி பேச்சித்தாய் முன்னால் நின்று பல்லைக் காட்டிச் சிரிக்க வேண்டும், இரண்டு கைகளையும் உயர்த்த வேண்டும், ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வாய் கோணினாலோ, ஒரு கை தாழ்ந்தாலோ, நாக்கு குழறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அறுபது வயது மனுஷனை இப்படி நிறுத்தி வைக்கிறோமே என்ற கூச்சமெல்லாம் அவளுக்குக் கிடையாது. பயந்து கிடப்பவளுக்குக் கூச்சம் எங்கிருந்து வரும்?

"ரம்புட்டான் இனிக்கும், மங்குஸ்தான் குளிரும். போதுமாட்டி?" என்பார். குற்றாலத்தில் ஐந்தருவி போகிற பாதையில் அவர் வைத்திருக்கும் பழக்கடையில் கூவுகிற கூவல் அது.

அவருடைய இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது. அதனால் உள்ளே ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம். அதைத் தடுக்க ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தொடங்கிய எட்டாவது மாதம் தலைக்குள் ரத்தம் கசிந்து, மனுஷன் பிழைத்து வந்ததே பெரும்பாடு. தென்காசி டாக்டர் ஹுஸ்னா மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டார். "இதயத்துல ஒரு சின்னப் பை இருக்கும்மா. பெரும்பாலும் அங்கனதான் ரத்தம் கட்டும். தொடை வழியா குழாய் விட்டு, அந்தப் பையோட வாயை ஒரு மூடி வச்சு அடைச்சிரலாம்" என்று சொல்லி, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அதற்கு நாளும் குறித்து வாங்கிக் கொடுத்தார். அந்த நாளுக்கு இன்னும் இருபது நாள் இருந்தது.

இருபது நாள்! மாத்திரையும் இல்லை, மூடியும் இல்லை. பேச்சித்தாயின் அண்ணன் மாடன் பக்கவாதம் வந்து ஆறு வருஷம் கட்டிலோடு கிடந்தவர். அவர் வாயோரம் வழிந்த கஞ்சியைத் துடைத்தது இவள் கைதான். எறியச் சொன்ன மாத்திரைப் பட்டையைக் கடுகு டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள். தினமும் அரை மாத்திரையைப் பொடித்துக் கணவனின் காலைக் கஞ்சியில் கரைத்தாள். முழுசுதானே ஆபத்து, அரை என்ன செய்துவிடும் என்பது அவளாகப் படித்த வைத்தியம்.

ஐந்தாம் நாள் காலையில் கஞ்சி குடித்துவிட்டு, பழம் எடுக்க மலையடிவாரத் தோட்டத்துக்குப் போன பிச்சைமணி, சாரலில் நனைந்தபடி திரும்பி வந்தார். வேட்டியின் கரை சிவந்திருந்தது.

"அட்டை கடிச்சிட்டுட்டி. சீசன்ல இது என்ன புதுசா?"

அட்டைக் கடி புதுசில்லைதான். சுண்ணாம்பு வைத்தாள், துணியை இறுக்கிக் கட்டினாள். ஒரு மணி நேரம் போனது, துணி ஊறியது. மாற்றினாள், அதுவும் ஊறியது. இது அட்டையின் வேலை மட்டும் இல்லை என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"தலையும் லேசா வலிக்குது" என்றார் அவர்.

காலில் கசிந்தால் கட்டுப் போடலாம், தலைக்குள் கசிந்தால் எங்கே கட்டுவது?

ஆட்டோவில் தென்காசி போகிற வழியெல்லாம் சொல்லிவிடுவோம், சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்து திறந்து மூடினாள். டாக்டர் ஹுஸ்னா கட்டைப் பிரித்துப் பார்த்தார். "அண்ணாச்சி, வேற மாத்திரை ஏதும் எடுக்கீங்களா?"

"ஒண்ணும் இல்லம்மா. நிப்பாட்டச் சொன்ன அன்னைக்கே நிப்பாட்டியாச்சு."

அவர் அதை அத்தனை நம்பிக்கையோடு சொன்னார். பேச்சித்தாயால் அதைத் தாங்க முடியவில்லை.

"நான் குடுத்தேன் டாக்டரம்மா. அஞ்சு நாளா கஞ்சியில போட்டு நான்தான் குடுத்தேன்."

டாக்டர் முகம் மாறியது. "எப்போ கடைசியா? எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, திட்டக்கூட நேரம் இல்லாதவர் போல ஸ்கேனுக்கு அனுப்பினார். பிச்சைமணி மனைவியை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போனார்.

ஸ்கேன் முடிந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் அவளிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, புதுக் கசிவு எதுவும் இல்லை, ஆனாலும் இன்று முழுக்க இங்கேயே இருக்க வேண்டும், திருநெல்வேலி டாக்டரிடமும் இதைச் சொல்லியாக வேண்டும் என்றார். பேச்சித்தாய் வீட்டிலிருந்து மடியில் செருகி வந்த மாத்திரைப் பட்டையை டாக்டரிடம் கொடுத்துவிட்டு, கணவன் பக்கத்தில் போய் நின்றாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபமா? இல்லை, நாக்கு இழுத்துவிட்டதா?

"ஏங்க, ஏசணும்னா ஏசுங்க. நாலு பேரு முன்னால அடிக்கணும்னாலும் அடிங்க. ஒரு வார்த்தை பேசுங்க, எனக்குப் பயமா இருக்கு."

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிச்சைமணி மெல்ல அவள் பக்கம் திரும்பினார். பல்லைக் காட்டினார். அதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"ரம்புட்டான் இனிக்கும், மங்குஸ்தான் குளிரும்" என்றார். பிறகு, "இனி கஞ்சிய நான் காய்ச்சிக்கிடுதேன்" என்றார்.

பேச்சித்தாய் அழுகையை அடக்கவில்லை. ஆனால் அழுதுகொண்டே அவர் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டும் சேர்ந்து இறங்குகிறதா என்று.